பழைய ஆட்டோஹார்ப்: ரிப்பேர் எங்கே? என்ன விலை போகும்? (அவசரம்)

பொறையார்_பையன்
எல்லாருக்கும் வணக்கம். வீட்டைப் பிரிக்கிறோம், பரண்லேர்ந்து ஒரு ஆட்டோஹார்ப் (பெட்டி மாதிரி இருக்கிற கம்பி வாத்தியம்) இறங்கியிருக்கு. தரங்கம்பாடி டேனிஷ்காரங்க காலத்துது, எப்படியும் 200 வருஷம் இருக்கும். கொள்ளுப்பாட்டி மிஷன் ஸ்கூல் டீச்சர், ஒரு வெள்ளைக்காரம்மா கொடுத்துட்டுப் போனதாம். சத்தம் சரியா வரல. காரைக்கால்லேர்ந்து பழம்பொருள் வாங்குறவர் ஞாயித்துக்கிழமை வர்றார், 4,000 தரேங்கிறார். கொடுத்துடலாமா? ரிப்பேர் பண்ணா லட்சத்துல போகுமா? சீக்கிரம் சொல்லுங்க.

சுதிப்பெட்டி
போட்டோ?

கும்மோணம்_கிட்டார்
கம்பி எத்தனை? குறுக்கே அழுத்துற பார் எத்தனை? "சத்தம் சரியா வரல"ன்னா என்ன, சுருதி நிக்கலையா, அழுத்தினா மொத்தமும் ஊமையாகுதா, இல்ல கம்பியே இல்லையா? ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க, லேபிள் ஒட்டியிருக்கும்.

வெண்ணாறு
அது ஸ்வரமண்டலமா இருக்கும் தம்பி. இந்துஸ்தானி பாடகர்கள் மடியில வெச்சு மீட்டுவாங்களே, அது. எங்க மாமா வீட்ல ஒண்ணு இருந்துது.

மூத்த_தந்தி
இதே கேள்விக்கு இங்கே பலமுறை பதில் எழுதியாகிவிட்டது. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. சரி, இன்னொரு தடவை.

ஸ்வரமண்டலத்தில் பார் கிடையாது. ஆட்டோஹார்ப்பில் கம்பிகளுக்குக் குறுக்கே பார்கள் உண்டு. ஒவ்வொன்றின் அடியிலும் ஃபெல்ட், அதாவது தடித்த கம்பளித் துணி. அழுத்தினால் வேண்டாத கம்பிகளை ஃபெல்ட் அமுக்கிவிடும், ஃபெல்ட்டை வெட்டிவிட்ட இடத்துக் கம்பிகள் மட்டும் பேசும். சி மேஜர் பார் என்றால் சி, ஈ, ஜி ஸ்வரங்கள் மட்டும்.

அடுத்து அந்த 200 வருஷம். டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனது 1845-இல். ஃபிலடெல்ஃபியாவில் சிம்மர்மான் ஆட்டோஹார்ப்புக்குக் காப்புரிமை வாங்கியது 1882-இல். நடுவில் 37 வருஷம் இடிக்கிறது. மேலும் 200 வருஷத்துக்கு முன்னால் உங்கள் கொள்ளுப்பாட்டி டீச்சரா?

சுதிப்பெட்டி
மூத்தவரே, காலையிலேயே ஏன் இவ்ளோ காரம். பையன் அவசரத்துல கேட்டிருக்கான்.

பொறையார்_பையன்
சாரி, வேலைல இருக்கேன். போட்டோ ஏற மாட்டேங்குது. கம்பியை முறுக்குற ஆணி 32, கம்பி 19 தான் இருக்கு. பார் 6. லேபிள்ல மேட் இன் ஜெர்மனி மட்டும் படிக்க முடியுது, மிச்சம் பூச்சி அரிச்சிருக்கு.

மூத்த_தந்தி
இதை முதல் பதிவிலேயே எழுதியிருக்கலாம். பிரிட்டனில் 1887-இல் வந்த வணிகக் குறிச் சட்டத்துக்குப் பிறகுதான் ஜெர்மன் சரக்கில் அந்த வாசகம் வழக்கமானது. 1949-க்குப் பிந்தையது என்றால் பெரும்பாலும் மேற்கா கிழக்கா என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். ஆக இரண்டுக்கும் நடுவில். ஜெர்மனியின் சாக்சனியில் மார்க்நாய்கிர்ஷன் ஊரே இசைக்கருவி செய்து பிழைத்த ஊர், அங்கிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

வெண்ணாறு
அப்போ என் கணக்கு இதுதான். டேனிஷ்காரன் போனப்புறம் அங்க இருந்தது லைப்சிக் மிஷன். லைப்சிக்கும் சாக்சனிதான். முதல் உலகப்போர்ல ஜெர்மன் மிஷனரிங்களை வெளியேத்துனாங்கல்ல, அப்ப விட்டுட்டுப் போனது. சரித்திரப் பொருள் தம்பி, 4,000-க்குக் கொடுத்துடாதே!

கும்மோணம்_கிட்டார்
அண்ணே, கதைக்கு ஆதாரமா ஒரு கடுதாசியோ கையெழுத்தோ இருந்தா சரி. இல்லாட்டி இது தொழிற்சாலைல கூட்டம் கூட்டமா செஞ்ச சாமான், வயசுக்குன்னு தனியா காசு கிடையாது. வெளிநாட்டுலயே நல்லா இருக்கிறது கூட மலிவாத்தான் போகுது, அதைவிட ரிப்பேர் செலவு ஜாஸ்தி. 13 கம்பி இல்லாததுக்கு 4,000 ஏமாத்து வேலை இல்ல.

வீணை_வாசுகி
தஞ்சாவூர்ல வீணை செய்றவங்ககிட்ட கொண்டு போங்க. கம்பி, ஆணி எல்லாம் அவங்களுக்கு அத்துப்படி. வீணைக் கம்பியே போட்டுக்கலாம்.

கும்மோணம்_கிட்டார்
வாசுகி மேடம், ஸ்டீல் கம்பி சரி. ஒவ்வொரு கம்பியையும் ஸ்க்ரூ கேஜ்ல அளந்து அதே தடிமன்ல போடணும். மந்தரத்துக்குப் போடுற பித்தளையை அந்த இடத்துல ஏத்துனா அறுந்துடும். தடிக் கம்பி, மேல இன்னொரு கம்பி சுத்துன சுத்துக்கம்பி, அதைத் தனியா சுத்தி வாங்கணும்.

மூத்த_தந்தி
பலாக்கட்டையைக் குடைகிற கைக்கு மெல்லிய பலகைப் பெட்டி பழக்கமில்லை. ஹார்மோனியம் ரிப்பேர் செய்பவரைப் பாருங்கள். ஃபெல்ட்டும் ஸ்ப்ரிங்கும் அவரிடம்தான் இருக்கும்.

வீணை_வாசுகி
பழக்கமில்லையா? 2013-ல புவிசார் குறியீடு வாங்குன கை சார் அது. ஒரு பெட்டியை ஒட்டத் தெரியாதா?

மூத்த_தந்தி
குறியீடு வீணைக்கு. ஆட்டோஹார்ப்புக்கு அல்ல.

வெண்ணாறு
நான் ஒண்ணு சொல்றேன். பாரையெல்லாம் கழட்டிட்டு மோகனத்துல சுருதி கூட்டிக்கிட்டா ஸ்வரமண்டலமாவே ஆயிடும்.

சுதிப்பெட்டி
அண்ணே நீங்க ஸ்வரமண்டலத்தை விடவே மாட்டீங்களா 😀

கும்மோணம்_கிட்டார்
பாரைக் கழட்டினா அப்புறம் அது எதுவுமே இல்ல. தயவு செஞ்சு வேண்டாம்.

பொறையார்_பையன்
கம்பியை முறுக்கிப் பாத்தேன், கட்டிங் பிளேயர்லதான். சாயங்காலத்துக்குள்ள இறங்கிடுது. ஆணி இருக்கிற பக்கம் பலகை லேசா வாய் பிளந்திருக்கு, விசிட்டிங் கார்டு நுழையுது. அது பரவாயில்லதானே?

கும்மோணம்_கிட்டார்
ஐயோ, அதுதான்யா விஷயமே! இதை இப்பவா சொல்றது. முறுக்குறதை நிறுத்துங்க. ஆணி குத்தியிருக்கிற கட்டை விட்டுப்போச்சுன்னா சுருதி எப்படி நிக்கும்? எல்லாக் கம்பியையும் கொஞ்சம் கொஞ்சமா, ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தித் தளர்த்துங்க. பிளேயர் வேண்டாம், ஆணியோட சதுரத் தலை மழுங்கிடும். பியானோ டியூன் பண்றவர்கிட்ட ஆணி திருப்புற சாவி கேட்டுப் பாருங்க. ஆணியைச் சுத்தித்தான் எடுக்கணும், தட்டக்கூடாது. பிளவுல பழைய பசையைச் சுரண்டிட்டு, வஜ்ரம் (தோல், எலும்பு காய்ச்சின பசை) விட்டு கிளாம்ப் போட்டு முறுக்கி ஆற விடணும். ஃபெவிகால் ஊத்திடாதீங்க, பின்னால யாரும் பிரிக்க முடியாது. அதுவும் உங்க ஊர்க் கடல்காத்துக்கு, பரண்ல கிடந்தது இவ்ளோ தாங்குனதே பெரிசு.

சுதிப்பெட்டி
ஃபெவிகால்ல என்ன தப்பு? எங்க வீட்டு ஹார்மோனியம் இன்னும் நிக்குது.

மூத்த_தந்தி
வஜ்ரம் சூடும் ஈரமும் பட்டால் விட்டுக்கொடுக்கும், மறுபடி பிரித்துச் செய்யலாம். ஹார்மோனியப் பெட்டியில் இத்தனை கம்பி இழுக்காது. இது தெரியாமல் கருத்துச் சொல்லக்கூடாது.

சுதிப்பெட்டி
சரிங்க வாத்தியாரே.

பொறையார்_பையன்
கம்பியெல்லாம் தளர்த்தியாச்சு. பாட்டி விக்கக்கூடாதுன்னுட்டாங்க. காரைக்கால்காரரை வர வேணாம்னுட்டேன். நன்றி.

கும்மோணம்_கிட்டார்
நல்லது. ஒட்டினப்புறம் எடுத்தவுடனே முழுச் சுருதிக்கு ஏத்தாதீங்க, ஒரு ஸ்வரம் கீழயே கொஞ்ச நாள் விடுங்க. சாவி கிடைச்சா ஆணித் தலையோட அளவைப் போடுங்க, இங்க இன்னொருத்தருக்கும் வேணும்.

வெண்ணாறு
தம்பி, பாட்டிகிட்ட அந்த வெள்ளைக்காரம்மா பேரைக் கேட்டியா?

வெண்ணாறு
தம்பி?

திருவாரூர்_தேர்
என்கிட்ட ஒரு புல்புல்தாரா இருக்கு, பட்டன் அமுங்கினா எழும்ப மாட்டேங்குது. இங்கயே கேக்கலாமா?

மூத்த_தந்தி
தனி இழை தொடங்கவும். போட்டோவுடன்.