புதுப்பிப்பு: நூறு மீட்டரும் சராசரித் திசைவேகமும்
உசைன் போல்ட் 2009-இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடியதை வைத்து, இடப்பெயர்ச்சியை (புறப்பட்ட இடத்திலிருந்து முடித்த இடத்துக்கு உள்ள நேர்கோட்டுத் தொலைவு, திசையோடு) நேரத்தால் வகுத்து, சராசரித் திசைவேகம் வினாடிக்கு ஏறத்தாழ 10.44 மீட்டர் என்று இந்த இழையில் முன்பு கணக்கிட்டிருந்தேன். அதே சூத்திரம் நீச்சலுக்கும் பொருந்துமா என்று ஒருவர் கேட்டிருந்தார், நல்ல கேள்வி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சீன நீச்சல் வீரர் பான் ஜான்லே 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 46.40 வினாடியில் முடித்தார்; ஆனால் குளத்தின் நீளம் 50 மீட்டர்தான் என்பதால், எதிர்ச்சுவரை உதைத்துத் திரும்பிய அவர் புறப்பட்ட சுவரையே வந்து தொட்டபோது இடப்பெயர்ச்சி சுழியாகிவிட, சராசரித் திசைவேகமும் சுழியாகிறது. உலக சாதனைக்கு இப்படியொரு விடை! கடந்த தொலைவை நேரத்தால் வகுத்தால் கிடைக்கும் 2.16 மீட்டர், வினாடிக்கான சராசரி வேகம் மட்டுமே. தொடக்கத் திசைவேகத்தையும் இறுதித் திசைவேகத்தையும் கூட்டி இரண்டால் வகுக்கும் வழி, முடுக்கம் (திசைவேகம் மாறும் வீதம்) மாறாதபோது மட்டுமே செல்லும்; போல்ட்டின் ஓட்டத்தில் முடுக்கம் மாறிக்கொண்டே இருந்ததால் அதற்கு அது உதவாது.