ஷெகார்: கப்பல் பாயை மடித்த கதைக்குச் சான்று உண்டா?

போர்த்துகீசிய ‘ஷெகார்’ (வந்து சேர்), லத்தீன் ‘ப்ளிகாரே’வின் (மடி) வழி வந்தது. ஒலியில் சிக்கலே இல்லை: சொல்முதல் ‘ப்ள’ அங்கே ‘ஷ’ ஆகும். ‘ப்ளூவியா’ ‘ஷுவா’ (மழை) ஆனது போல. இடிப்பது பொருள்தான். கரை சேர்ந்ததும் கப்பல் பாயை மடித்ததால் வந்ததாம். கேட்க அழகுதான்.

தேடியவரை: கப்பலைக் கரையணைக்க லத்தீனில் ‘அப்ளிகாரே’ உண்டு, ஆனால் அதன் வாரிசு ‘அஷெகார்’ (அருகே கொண்டுவா) தனியாக இருக்கிறது. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் புனிதப் பயணம் போய் லத்தீனில் குறிப்பெழுதிய எகேரியா என்ற பெண், சினாய் மலையை நெருங்குவதை ‘ப்ளிகாரே’யின் வடிவமான ‘ப்ளெகாரெமுஸ் நோஸ்’ என்கிறார். போவது தரைவழி, பாய் ஏது? ருமேனிய ‘ப்ளெகா’வுக்கோ ‘கிளம்பு’ என்று பொருள். அதற்குக் கூடாரத்தை மடித்த கதை.

பாயைச் செயப்படுபொருளாகக் கொண்டு ‘ப்ளிகாரே’ வரும் லத்தீன் வரி எதையாவது யாரேனும் பார்த்ததுண்டா?