ஆல்ப்ஸ் பள்ளத்தாக்கில் நடக்கப் போகிறவர்கள் எந்த ஊரில் தங்குவது? லாட்டர்புருன்னன் அனுபவங்கள்

கோவையிலிருந்து ஓர் உறுப்பினர்:

கடந்த செப்டம்பரில் நானும் என் மனைவியும் அறுபத்தெட்டு வயதான என் அம்மாவும் சுவிட்சர்லாந்தின் லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் எட்டு நாள் தங்கி நடப்பதற்காகச் சென்றிருந்தோம். அதே பயணத்தைத் திட்டமிடுகிறவர்கள் இங்கே பலர் இருப்பதால், தங்கும் ஊரைத் தேர்ந்தெடுத்ததில் நாங்கள் செய்த தவற்றையும், பாதியில் அதைத் திருத்திக்கொண்ட விதத்தையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் நான்கு இரவுகளுக்கு இன்டர்லாக்கனில் அறை எடுத்திருந்தோம். இரண்டு ஏரிகளுக்கு நடுவே அமைந்த ஊர், கடைகள் நிறைய, எந்தப் பக்கம் போகவும் ரயில் உண்டு என்பதே காரணம். ஆனால் அது கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 570 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. நாங்கள் நடக்க விரும்பிய பாதைகளோ 1,500 மீட்டருக்கும் 2,300 மீட்டருக்கும் இடைப்பட்டவை. ஆகவே நடையைத் தொடங்கும் முன்பே லாட்டர்புருன்னனுக்கு இருபது நிமிட ரயில், அங்கிருந்து வெங்கனுக்குப் பல்சக்கர ரயில், வெங்கனிலிருந்து மென்லிஹன் என்ற மலைமுகட்டுக்கு ரோப் கார் என்று மூன்று வண்டி ஏறி இறங்க வேண்டியிருந்தது. எட்டரைக்குக் கிளம்பினாலும் மேலே கால் வைக்கும்போது பத்தரை ஆகிவிடும். அதற்குள் பள்ளத்தாக்கிலிருந்து எழுந்த மேகம் ஐகர் சிகரத்தின் முகத்தை மூடத் தொடங்கியிருக்கும்.

இரண்டாம் நாள் இன்னொரு தவறும் நேர்ந்தது. இன்டர்லாக்கனிலிருந்து ஒரே ரயிலாகப் புறப்படுவது ஸ்வைலூட்சினன் என்ற சிறு நிலையத்தில் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி லாட்டர்புருன்னனுக்கும் மறுபாதி கிரின்டல்வால்டுக்கும் செல்லும். பெட்டியில் எழுதியிருந்த ஊர்ப்பெயரைப் பார்க்காமல் அவசரத்தில் ஏறிய நாங்கள் கிரின்டல்வால்ட் போய் இறங்கினோம். அன்றைய காலைப்பொழுது அதிலேயே கழிந்தது.

இவற்றைவிட என்னை வருத்தியது அம்மாவின் நிலைதான். ஏற்றத்தில் அவருக்கு மூச்சு வாங்குமே தவிர, நின்று நின்று ஏறிவிடுவார். இறக்கம்தான் அவருடைய முழங்காலுக்கு ஆகாது. நடுவில் களைத்துப்போனால் அறைக்குத் திரும்பிப் படுக்க இன்டர்லாக்கனில் வழியே இல்லை. எங்களோடு முழு நாளும் வர வேண்டும், இல்லையென்றால் காலையிலேயே அறையில் தங்கிவிட வேண்டும். மூன்றாம் நாள் அவர் "நீங்க போயிட்டு வாங்க" என்று சொன்னபோது, ஊரைத் தேர்ந்தெடுத்ததில் பிழை செய்துவிட்டோம் என்பது எனக்குத் தெளிவாயிற்று.

மீதி நான்கு இரவுகளுக்கு வெங்கனுக்கு மாறினோம். 1,274 மீட்டர் உயரத்தில், பள்ளத்தாக்கின் கிழக்குச் சரிவில் மேடைபோல அமைந்த இவ்வூருக்குக் கார் செல்லும் சாலை கிடையாது. 1893-ஆம் ஆண்டு முதல் ஓடும் பல்சக்கர ரயில்தான் வழி. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் ரயிலைப் போலவே தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் கொண்ட இரும்புப் பாதை ஓடுவதை அம்மா உடனே கவனித்துச் சொன்னார். அங்கிருந்து ரோப் காரில் மென்லிஹன் ஏறிவிட்டால் ரயில் நிலையம் உள்ள கிளைனே ஷைடெக் கணவாய் வரை அகலமான பாதை. ஏறத்தாழ நாலரை கிலோமீட்டர், பெரும்பகுதி சமதளமும் இலேசான இறக்கமும்தான். ஒன்றரை மணி நேரத்தில் நடக்கக்கூடிய அதை அம்மா இரண்டரை மணி நேரத்தில் நடந்து முடித்தார். ஐகர், மோன்ஹ், யுங்ஃபிராவ் ஆகிய மூன்று சிகரங்களும் வழி நெடுக எதிரில் நின்றன. கிளைனே ஷைடெக்கில் ரயிலேறி அவர் அறைக்குத் திரும்பிவிட, நாங்கள் இருவரும் மேற்கொண்டு நடந்தோம். மாலை ஆறு மணிக்கு நாங்கள் வந்தபோது, ஊர் முனையிலிருந்த மரப்பெஞ்சில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, ஃபிளாஸ்கில் போட்டுவைத்த சுக்கு காபியோடு அம்மா உட்கார்ந்திருந்தார். கீழே லாட்டர்புருன்னன் எப்போதோ நிழலுக்குள் போயிருந்தது. எங்கள் மேல் இன்னும் வெயில் இருந்தது.

குழுவில் யார் குறைவாக நடப்பாரோ அவருக்கு ஏற்ற ஊரைத்தான் முதலில் தேட வேண்டும் என்பது என் கருத்து.

பேர்ண் நகரிலிருந்து ஓர் உறுப்பினர்:

கோவை நண்பர் எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். இலங்கையிலிருந்தும் கனடாவிலிருந்தும் வரும் உறவினர்களை இந்தப் பள்ளத்தாக்குக்குப் பல வருடங்களாக அழைத்துச் செல்கிறவன் என்ற முறையில் ஒன்றிரண்டு விடயங்களைச் சேர்க்கிறேன்.

வெங்கன், மூரன் போன்ற மேட்டு ஊர்களில் தங்க நினைப்பவர்கள் முதலில் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். இலையுதிர்காலத்தின் இறுதியிலும் வசந்தகாலத்திலும் மேலே செல்லும் கேபிள் கார்கள் பல, பராமரிப்புக்காக வாரக்கணக்கில் நிறுத்தப்படுகின்றன. ஒரு முறை நவம்பர் தொடக்கத்தில் என் அக்கா குடும்பத்தை வெங்கனில் தங்கவைத்துவிட்டு, மென்லிஹனுக்கான கேபிள் கார் ஓடவில்லை என்பதை அங்கே போன பிறகுதான் அறிந்தேன். முன்கூட்டியே பார்க்காதது என் பிழை. பிள்ளைகள் இரண்டு நாட்களும் ஊருக்குள்ளேயே நடந்தார்கள்.

அத்தகைய மாதங்களிலும், மழை தொடரும் என்று வானிலை அறிக்கை சொல்லும் வாரங்களிலும் 800 மீட்டர் உயரத்திலுள்ள லாட்டர்புருன்னன் கிராமமே நல்லது. வெயில் தாமதமாக வந்து சீக்கிரம் போய்விடும் என்பது உண்மைதான். பழைய பனியாறு செங்குத்தாகக் குடைந்துவிட்ட பள்ளத்தாக்கு அது. ஆனால் இரு பக்கச் சரிவுகளுக்கும் அங்கிருந்தே ஏறலாம், ஸ்டெஹல்பெர்க் என்ற சிற்றூர் வரை பள்ளத்தாக்கின் அடித்தளத்தில் சமதரையில் நடக்கலாம். தலைக்கு மேலே கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரத்திலிருந்து ஸ்டவுப்பாக் அருவி காற்றில் சிதறி விழுவதை மழை நாளில் பார்ப்பது எனக்கு இன்றும் அலுக்கவில்லை. வெங்கனுக்குக் காரில் வருகிறவர்களும் இங்குதான் வாகனத்தை நிறுத்த வேண்டும்.

மதுரையிலிருந்து ஓர் உறுப்பினர்:

நானும் கல்லூரியில் படிக்கும் என் மகளும் எதிர்ச்சரிவிலுள்ள மூரனில் ஐந்து இரவுகள் தங்கினோம். உயரம் 1,638 மீட்டர். அமைதியை விரும்புகிறவர்களுக்கு அதைவிட நல்ல இடத்தை நான் கண்டதில்லை. லாட்டர்புருன்னனிலிருந்து கேபிள் காரில் குருட்ஷ் ஆல்ப் என்ற மேட்டு நிலையத்துக்கு ஏறி, அங்கிருந்து சிறு ரயிலின் பாதையையொட்டி மூரனுக்கு நடந்தே வந்து சேரலாம். மொத்த ஏற்றம் ஏறத்தாழ 150 மீட்டர்தான். ஒவ்வொரு நாளும் கீழே இறங்கித் திரும்பும்போது ரயிலில் ஏறாமல் அந்த வழியில்தான் வந்தோம்.

ஆயினும் இரண்டு சிரமங்களைச் சொல்ல வேண்டும். நாங்கள் சைவ உணவுக்காரர்கள். சமையலறை இல்லாத அறையை எடுத்துவிட்டதால், இரவு உணவுக்குச் சீஸும் உருளைக்கிழங்கும் ரொட்டியுமே மாறி மாறி அமைந்தன. அரிசி வடிக்க ஒரு அடுப்பு இருந்திருந்தால் மகள் இன்னும் இரண்டு நாள் இருந்திருப்பாள். அடுத்தது, எதிர்க்கரையிலுள்ள வெங்கன் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தாலும், அங்கே போக முதலில் பள்ளத்தாக்குக்குள் இறங்கி மறுபடி ஏற வேண்டும். அதனால் நடக்க விரும்பும் பாதைகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்து, எந்தக் கரையில் அதிகம் வருகிறதோ அந்தக் கரையிலேயே தங்குங்கள்.

சேலத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

ஜூன் முதல் வாரத்தில் என் பெற்றோருடன் செல்லவிருக்கிறேன். எல்லாவற்றையும் படித்த பிறகு வெங்கனில் அடுப்புள்ள வீடாகப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. அந்த நேரத்தில் பாதைகள் நடக்கும்படி இருக்குமா?

பேர்ண் உறுப்பினர்:

2,000 மீட்டருக்கு மேலே நிழல் விழும் மடிப்புகளில் அப்போதும் பனி கிடக்கக்கூடும். சில பாதைகள் திறக்கப்படாமலும் இருக்கலாம். முதல் மூன்று நாட்களைப் பள்ளத்தாக்கின் அடியிலும் குருட்ஷ் ஆல்ப் பாதையிலும் வைத்துக்கொள்ளுங்கள், மென்லிஹனைக் கடைசி நாட்களுக்கு ஒதுக்குங்கள். மஞ்சள் வழிகாட்டிப் பலகைகளில் எழுதியிருக்கும் நேரத்தில் ஓய்வெடுக்கும் நேரம் சேர்க்கப்படவில்லை. உங்கள் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அதை இரண்டு மடங்காகக் கணக்கிட்டு, கடைசி கேபிள் காரின் நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.