மூன்றாம் வகுப்பு: வீட்டில் எதைச் சொல்லிக் கொடுக்கணும், எதை விட்டுடணும்?

சாயங்காலம்:
பையன் இப்போ மூணாம் வகுப்பு. 402-இல் 178 போனால் எவ்வளவுன்னு கேட்டா 376-ன்னு எழுதுறான். ஏழாம் வாய்ப்பாட்டை மூச்சு விடாம ஒப்பிப்பான், ஏழெட்டு எவ்வளவுன்னு தனியா கேட்டா திரும்ப ஓரேழு ஏழிலிருந்து ஆரம்பிக்கிறான். தமிழ் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறான். வரி முடியுறதுக்குள்ள ஆரம்பம் மறந்துபோகுது. இந்த வருஷம் முடியும்போது என்னென்ன தெரிஞ்சிருக்கணும்? வீட்டில் தினமும் எவ்வளவு நேரம் உட்காரலாம்? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

கரும்பலகை:
பாடத்திட்டத்துக்குத் தகுந்த மாதிரி கொஞ்சம் மாறும். பொதுவா மூணாவது முடியும்போது இவ்வளவு எதிர்பார்ப்பாங்க: மூணு இலக்கக் கூட்டல் கழித்தல், பத்து வரைக்கும் வாய்ப்பாடு, சமமாப் பங்கிடுறது, அரை, கால், கடிகாரம் பார்க்கிறது, ஒரு பத்தியை வாசிச்சு அதிலிருந்து கேட்கிற கேள்விக்குச் சொந்தமாப் பதில் எழுதுறது. சூழ்நிலையியலைப் பத்தி ரொம்பக் கவலை வேண்டாம். வாசிப்பு சரியானா அது தானா வந்துடும்.

நேரம் 20 நிமிஷம் போதும். பத்து கணக்குக்கு, பத்து வாசிப்புக்கு. ஒரு மணி நேரம் உட்கார வெச்சா கடைசி நாற்பது நிமிஷம் சண்டைதான்.

இப்ப அந்த 376. அது கவனக்குறைவு இல்லைங்க. ஒவ்வொரு இலக்கத்திலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழிச்சிருக்கான்: 8-இல் 2 போனா 6, 7-இல் 0 போனா 7, 4-இல் 1 போனா 3. மேலே எது, கீழே எதுன்னு பார்க்கலை. ‘சின்னதிலிருந்து பெரியதைக் கழிக்க முடியாது’ன்னு யாரோ சொன்னதை வெச்சு அவனே ஒரு விதி உருவாக்கிக்கிட்டான். அதனால ‘ஒழுங்காப் பாரு’ன்னு சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அவன் பார்வையில் அவன் ஒழுங்காத்தான் செஞ்சிருக்கான்.

பழைய நோட்டு அட்டையை வெட்டி 50 சீட்டு எடுத்துக்கோங்க. 10 சீட்டில் 100, 20 சீட்டில் 10, மீதி 20 சீட்டில் 1-ன்னு எழுதுங்க. முதலில் 52 − 28. ஐந்து பத்துச் சீட்டு, இரண்டு ஒன்றுச் சீட்டு மேசையில் வைக்கட்டும். ‘இதிலிருந்து எனக்கு எட்டு ஒன்று கொடு’ன்னு கேளுங்க. இருக்கிறது ரெண்டுதான். ஒரு பத்தைக் கொடுத்து பத்து ஒன்று வாங்கிக்கணும்னு அவன் வாயாலேயே வரணும், நீங்க முந்திக்கக் கூடாது. இப்ப நான்கு பத்து, பன்னிரண்டு ஒன்று. எட்டைக் கொடுத்தா 4, இரண்டு பத்தைக் கொடுத்தா 2. விடை 24. இந்த மாதிரி ரெண்டு இலக்கக் கணக்கு ஒரு வாரம் போன பிறகு 402-க்கு வாங்க.

‘பக்கத்து வீட்டில் கடன் வாங்கு’ன்னு சொல்லித் தரதைத் தவிர்த்தா நல்லது. கடன்னா திருப்பித் தரணும், இங்கே யாரும் எதையும் திருப்பித் தரலை. ‘சில்லறை மாத்துறது’ன்னு சொன்னா அப்படியே பொருந்தும்.

நூல்புழு:
கணக்கை அவர் சொல்லிட்டார், நான் வாசிப்புக்கு வரேன். எழுத்துக்கூட்டுறதே தப்பில்லை, எப்படிக் கூட்டுறான்னு பாருங்க. ‘வண்டி’யை ‘வ… இண்… டி’ன்னு மூணு துண்டா வாசிச்சா சிக்கல் புள்ளி எழுத்தில் இருக்கு. மெய்யெழுத்துக்களை இக், இங், இச்-ன்னு பேர் சொல்லிப் படிச்ச பழக்கம் வார்த்தைக்குள்ளேயும் வந்துடுது. புள்ளி வெச்ச எழுத்து தனியா நிற்காது, முன்னாடி இருக்கிற எழுத்தோட ஒட்டிக்கும். வண்-டி, கட்-டில், பட்-டம், நண்-பன். வாசிக்கிறதுக்கு முன்னாடி பென்சிலால் அந்த ரெண்டு எழுத்துக்கும் கீழே ஒரு வளைவு போடச் சொல்லுங்க. அப்புறம் எடு/எட்டு, பாடு/பாட்டு, படம்/பட்டம்னு ஜோடி ஜோடியா வாசிக்க வைங்க. புள்ளியைத் தாண்டிப் போனா அர்த்தமே மாறுதுன்னு அவனுக்கே தெரியும்.

அடுத்த இடறல் கொம்பும் காலும். கொ, சொ, தொ, பொ வரிசையில் ஒற்றைக்கொம்பு முன்னாடி, கால் பின்னாடி. பிள்ளைகள் இடமிருந்து வலமா ஒவ்வொண்ணா எடுத்து ‘தெ’ன்னு வாசிச்சுட்டு, காலை ‘ர’ன்னு நினைச்சு ‘தொடு’வை ‘தெரடு’ன்னு சொல்வாங்க. கொம்பு, எழுத்து, கால் மூணையும் சேர்த்து ஒரே வட்டம் போட வைங்க. ‘கெள’, ‘கௌ’ ரெண்டையும் இப்போதைக்கு விட்டுடுங்க, அது பெரியவங்களையே குழப்பும்.

உகரக் குறி எல்லா எழுத்துக்கும் ஒரே மாதிரி இல்லைங்கிறதும் ஒரு காரணம். 18 எழுத்தையும் வரிசையா எழுத வைக்காம மூணு கூட்டமாப் பிரிச்சா சீக்கிரம் பிடிபடும். ஙு, சு, பு, யு, வு ஒண்ணு. கு, டு, மு, ரு, ழு, ளு இன்னொண்ணு. ஞு, ணு, து, நு, லு, று, னு மூணாவது. மூணாவது கூட்டத்தில்தான் ஊகாரத்துக்குக் கால் மாதிரி ஒரு வடிவம் சேரும்: தூ, நூ, லூ.

வேகத்துக்கு: 60, 70 வார்த்தை உள்ள ஒரே பத்தியை மூணு நாள் வாசிக்கட்டும். முதல் நாள் தடுக்கி விழுவான், மூணாம் நாள் ஓடும். ஒரு வார்த்தையில் நின்னா மனசுக்குள்ள ஐந்து வரை எண்ணுங்க, அப்பவும் வரலைன்னா நீங்களே சொல்லிட்டு நகர்ந்துடுங்க. மனப்பாடம் பண்ணிட்டானான்னு சந்தேகம் வந்தா கடைசி வரியிலிருந்து மேலே வாசிக்கச் சொல்லுங்க, தெரிஞ்சுடும். தப்பான வார்த்தையைப் பத்துத் தடவை எழுத வைக்கிறதும் நல்ல பயிற்சி.

சாயங்காலம்:
ரெண்டு பேருக்கும் நன்றி. வளைவு போடுற வழி உடனே வேலை செய்யுது. சீட்டு வெச்சா 402 − 178 சரியா வருது, ஆனா நோட்டில் எழுதினா இப்ப 324 வருது. 376 போய் 324 வந்திருக்கு!

கரும்பலகை:
முன்னேற்றம்தான். 324-ன்னா ஒன்றும் பத்தும் சரி, நூறு மட்டும் தப்பு. நடுவில் இருக்கிற 0-வை 9 ஆக்கி, 2-ஐ 12 ஆக்கிட்டான், ஆனா 4-ஐ அடிச்சு 3 ஆக்க மறந்துட்டான். ‘பூஜ்யம் வந்தா ஒன்பது’ன்னு மட்டும் மனசில் நிற்குது, அந்த ஒன்பது எங்கிருந்து வந்ததுன்னு நிற்கலை.

சீட்டையும் நோட்டையும் தனித்தனியா வைக்காதீங்க, பக்கத்துப் பக்கத்தில் வைங்க. சீட்டு ஒரு தடவை கை மாறினா, நோட்டில் ஒரு தடவை அடிச்சு எழுதணும். ஒரு நூறு போச்சு, பத்து பத்து வந்தது: 4-ஐ அடிச்சு 3, 0-வுக்கு மேலே 10. ஒரு பத்து போச்சு, பத்து ஒன்று வந்தது: 10-ஐ அடிச்சு 9, 2-க்கு மேலே 12. இப்ப 12 − 8 = 4, 9 − 7 = 2, 3 − 1 = 2. விடை 224. நாலஞ்சு கணக்கு இப்படிப் போனதும் சீட்டை எடுத்துடலாம்.

சரி பார்க்கிறதை அவன் கையில் கொடுங்க: 224-உம் 178-உம் கூட்டி 402 வருதான்னு. இன்னொரு வழியும் இருக்கு, 178-இலிருந்து ஏறிப் போறது. 180-க்கு 2, 200-க்கு 20, 400-க்கு 200, 402-க்கு 2. எல்லாம் சேர்த்தா 224. மனக்கணக்குக்கு இதுதான் சுலபம். ஆனா வகுப்பில் எந்த முறை நடக்குதோ அது கைவந்த பிறகுதான் இதைக் காட்டணும், ரெண்டும் ஒரே வாரத்தில் போனா கலந்துடும்.

முக்கோணம்:
வாய்ப்பாடு பத்தி யாரும் சொல்லலையே. ஒப்பிக்கிறது பாட்டு மாதிரி, நடுவிலிருந்து பிடிக்க வராது. முதலில் சுமையைக் குறைச்சுக் காட்டுங்க. 1, 2, 5, 10 வாய்ப்பாடு அநேகமா எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். 3 × 8-உம் 8 × 3-உம் ஒண்ணுதான்னு புரிஞ்சா, அந்த நாலும் போக மீதி மனசில் நிறுத்த வேண்டியது 21 பெருக்கல்தான். கட்டம் போட்டு அவனையே எண்ண விடுங்க.

21-ஐயும் சீட்டில் எழுதி, ஒரு நாளைக்கு நாலு சீட்டு. மூணு தெரிஞ்சது, ஒண்ணு புதுசு. மறந்தா ஆரம்பத்துக்குப் போக வேண்டாம், பக்கத்தில் தெரிஞ்சதிலிருந்து போகலாம்: 5 × 8 = 40, இன்னும் ரெண்டு எட்டு 16, ஆக 7 × 8 = 56. கடைசி வரை தகராறு பண்றது பெரும்பாலும் 6 × 7, 6 × 8, 7 × 8. அந்த மூணுக்குத் தனி கவனம்.

வாய்க்கணக்கில் ஒரு பொறி இருக்கு. ‘அதிகம்னு வந்தா கூட்டு, மீதின்னு வந்தா கழி’ன்னு சொல்லித் தராதீங்க. ‘அக்காவிடம் 12 பென்சில் இருக்கு. அது தம்பியிடம் இருப்பதை விட 5 அதிகம். தம்பியிடம் எத்தனை?’ இதுக்கு விதியை நம்பின பிள்ளை 17-ன்னு எழுதும். ரெண்டு பட்டை வரையச் சொல்லுங்க, அக்கா பட்டை நீளம், தம்பி பட்டை குட்டை, வித்தியாசம் 5. 7-ன்னு அதுவே காட்டும்.

சுண்ணக்கட்டி:
நூல்புழு, மத்ததெல்லாம் சரி, பத்துத் தடவை எழுத வைக்கிறதில் மட்டும் ஒத்துக்க மாட்டேன். மூணாவது தடவைக்கு மேல பிள்ளை வார்த்தையைப் பார்க்கிறதே இல்லை, எழுத்து எழுத்தா கீழே கீழே இறக்கும். நாலாவது வரியில் ஒரு தப்பு வந்தா மீதி ஆறு வரியும் அதே தப்புதான். அதுக்குப் பதிலா: பார்க்கணும், சத்தமாச் சொல்லணும், மூடணும், எழுதணும், திறந்து ஒத்துப் பார்க்கணும். ஒரு வார்த்தைக்கு ரெண்டு தடவை, மறுநாள் ஒரு தடவை.

ண, ன, ந குழப்பத்தில் பாதிக்கு விதியே இருக்கு. ட-வுக்கு முன்னாடி ண் (வண்டி), ற-வுக்கு முன்னாடி ன் (கன்று), த-வுக்கு முன்னாடி ந் (பந்து). டண்ணகரம், றன்னகரம், தந்நகரம்னு பேரிலேயே இருக்கு. ல, ள, ழ-வுக்கு அப்படி விதி கிடையாது, காதும் நாக்கும்தான். ‘ள’வுக்கு நாக்கு மடிஞ்சு மேலண்ணத்தைத் தொடும், ‘ழ’வுக்கு மடியும், தொடாது. நீங்க வீட்டில் ‘பளம்’னு சொன்னா அவனும் அப்படித்தான் எழுதுவான். சொல்வதெழுதுதல் கொடுக்கும்போதாவது பல்லி/பள்ளி, கிளி/கிழி-ன்னு நிறுத்திச் சொல்லுங்க. ஒரு நாளைக்கு ஆறு வார்த்தைக்கு மேல வேண்டாம்.

நூல்புழு:
சரி, பத்துத் தடவையை வாபஸ் வாங்கிக்கிறேன். மூடி எழுதுறதே மேல்.