புதுப்பிப்பு: வாவி மீன்பிடி ஆய்வுக் கேள்வி சரிவந்திட்டு

உதவின எல்லாருக்கும் நன்றி. "மட்டக்களப்பு வாவியில் மீன் ஏன் குறைகிறது?" என்ற என் இறுதியாண்டு ஆய்வுக் கேள்வி இரண்டு தரம் திரும்பி வந்ததைச் சொல்லியிருந்தேன். 56 கிலோமீற்றர் நீள வாவியை ஒரு ஆள் எப்படி அளக்கிறது?

கைகொடுத்தது, "ஏன் என்பதை விடுங்க, இடம், காலம், ஆக்களைக் கேள்விக்குள்ளேயே வையுங்க" என்ற யோசனைதான். இப்போது கேள்வி: "பாலமீன்மடுவில் வீச்சுவலைக்காரரின் நாளாந்த இறால் பிடிபாடு, முகத்துவாரம் வெட்டுவதற்கு முந்திய, பிந்திய இரு வாரங்களில் எவ்வாறு வேறுபடுகிறது?" (மாரி வெள்ளம் கடலுக்கு வடிய, வாவி வாயை அடைத்திருக்கும் மணல்திட்டை வெட்டித் திறப்பதுதான் முகத்துவாரம் வெட்டுவது; பாலமீன்மடு அதற்குப் பக்கத்து ஊர்.) மேற்பார்வையாளர் உடனே ஏற்றுக்கொண்டார்.

எதிர்பாராத ஒன்று: முதலில் "மாரியில்" என்றுதான் எழுதினேன். முன்னோட்டமாக ஐந்து பேரிடம் கேட்கப் போனபோது, ஒரு அண்ணன் வலையை உதறிக்கொண்டே, "வெட்டினத்துக்கு முன்னயா, மறுகாவா தம்பி?" என்றார். அந்தத் திருத்தம் அவருடையது. வெட்டும் திகதி முன்கூட்டித் தெரியாது. அதனால், முந்திய இரு வாரம் தவறாமலிருக்க ஐப்பசியிலேயே குறிப்பெடுக்கத் தொடங்குகிறேன்.