16 ஜிபி ராம் ஒரே ஸ்டிக்கா, 8+8 ஆ? 40 ஆயிரம் கேமிங் பிசி விவாதம்

டூயல்_சேனல்:
"40 ஆயிரத்துல கேமிங் பிசி" இழையில ரிச்சித்தெரு_ரசிகர் போட்ட லிஸ்ட் இது: ரைசன் 5 5600ஜி ப்ராசஸர், ஏ520 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ராம் ஒரே ஸ்டிக், கேபினெட்டோட வர்ற 500 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), கிராஃபிக்ஸ் கார்டு அப்புறம். கீழ வரிசையா "சூப்பர் பாஸ்"னு போயிருக்காங்க. அந்த ஒரே ஸ்டிக் ஒருத்தர் கண்ணுலயும் படலையா? 5600ஜி-க்குள்ளயே இருக்கிற வேகா 7 கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ராமையேதான் பங்கு போட்டுக்கணும். 3200 வேக ஸ்டிக் ஒண்ணு நொடிக்கு 25.6 ஜிபி தரும். ரெண்டு சேனல்ல (ராமுக்கும் ப்ராசஸருக்கும் நடுவுல இருக்கிற வழி) ரெண்டு போட்டா 51.2. பழைய ஜிடிஎக்ஸ் 1650 கார்டுக்கே 128. இருக்கிறதே கொஞ்சம். அதுலயும் பாதியை வெட்டிட்டு கேமிங் பிசின்னு சொல்றது வாங்குறவனுக்குப் பண்ற அநியாயம்.

ரிச்சித்தெரு_ரசிகர்:
வந்துட்டீங்களா? போன மாசம் எஸ்எம்பிஎஸ் இழையிலயும் என் லிஸ்டைத்தான் பிடிச்சுத் தொங்கினீங்க. விலை குறைஞ்ச ஏ520 போர்டுல பெரும்பாலும் ரெண்டே ஸ்லாட். 8+8 போட்டா ரெண்டும் அடைஞ்சுடும். நாளைக்கு 32 வேணும்னா ரெண்டையும் கழட்டி வந்த விலைக்குத் தள்ளணும். ஒரு 16 போட்டா ஒரு ஸ்லாட் காலியா இருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

கோவை_கீபோர்டு:
ஏனுங்க, எந்த கேம், எந்த ரெசல்யூஷன்னு முதல்ல சொல்லுங்க. 1080-ல வேலரன்ட் ஆடுறவங்களுக்கும் புது கேம் ஆடுறவங்களுக்கும் பதில் வேற.

டூயல்_சேனல்:
எந்த கேமா இருந்தா என்ன, 25.6 எப்பவும் 25.6 தான்.
"நாளைக்கு இன்னொரு 16 போடலாம்"னு சொல்றவங்க கவனிங்க. ஒரு வருஷம் கழிச்சு அதே மாடல் நம்பர்ல வாங்கினாலும் உள்ள இருக்கிற சிப் வேறயா இருக்கலாம். பயாஸ்ல (போர்டோட செட்டிங்ஸ்) எக்ஸ்எம்பி, அதாவது ராமை அதோட முழு வேகத்துல ஓட விடுற செட்டிங், போட்டா பிசி பூட் ஆகாது, இல்லைன்னா கேம் நடுவுல நீலத்திரை வரும். அப்புறம் 2933-க்கு இறக்கணும், டைமிங்கைத் தளர்த்தணும், ராமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86-ஐ நாலு சுத்து ஓட விடணும். ஒரே பாக்கெட்ல வர்ற 8+8 கிட்டை எடுத்தா இந்தத் தலைவலியே இல்ல.

ரிச்சித்தெரு_ரசிகர்:
பூட் ஆகாதாம்! வேற வேற ஸ்டிக் போட்டு ஓடுற பிசி ஊர் பூரா இருக்கு. கார்டு வந்ததும் வேகா 7-க்கு வேலையே இல்ல, உங்க 51.2-ம் அதோட போச்சு. காலி ஸ்லாட் மட்டும் அப்படியே இருக்கும்.

டூயல்_சேனல்:
போகாது. ஆர்எக்ஸ் 6600 கார்டு போட்டாலும் ப்ராசஸர் அதே ராமைத்தான் நம்பி இருக்கு. சராசரி ஃபிரேம் பெருசா குறையாம இருக்கலாம். கூட்டமான இடத்துல திடீர்னு விழுற ஃபிரேம் இருக்கே, அங்கதான் ஒத்த சேனல் அடி வாங்கும். சராசரியை மட்டும் பார்த்துட்டுப் பேசுறவங்களுக்கு அந்தத் திக்கல் தெரியாது.

ஃபிரேம்_கணக்கன்:
ரெண்டு ஸ்டிக் போட்டாலே டூயல் சேனல்னு நினைச்சு ஏமாறவும் வேணாம். நாலு ஸ்லாட் போர்டுல ப்ராசஸர் பக்கத்துல இருந்து எண்ணி 2-வது, 4-வது ஸ்லாட்ல போடணும். 1, 2-ன்னு பக்கத்துப் பக்கத்துல சொருகினா ரெண்டும் ஒரே சேனல்ல உட்காரும். டாஸ்க் மேனேஜர் "ரெண்டு ஸ்லாட்"னு மட்டும்தான் காட்டும், சேனலைச் சொல்லாது. சிபியு-இசட்ங்கிற சாஃப்ட்வேர்ல மெமரி பக்கத்தைத் திறந்து பாருங்க. அப்படியே எக்ஸ்எம்பியும் போட்டிருக்கான்னு பாருங்க, போடலைன்னா பல 3200 ஸ்டிக் 2133-லயோ 2400-லயோதான் ஓடும்.

டூயல்_சேனல்:
இதைத்தான் நானும் சொல்றேன்.

ஃபிரேம்_கணக்கன்:
இல்ல, நீங்க இதைச் சொல்லல. கார்டு அப்புறம் வரும்னா 5600ஜி-யே தப்பு. அதுல எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ள இருக்கிற வேக மெமரி) 16 எம்பி, கார்டோட பேசுற பிசிஐஇ வழி 3.0. ஜி இல்லாத 5600-ல 32 எம்பி, 4.0; ஆனா அந்த 4.0 கிடைக்க ஏ520 போர்டு பத்தாது. காசு பத்தலைன்னு ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வாங்கினா அதுக்கு நாலே பிசிஐஇ லேன். 3.0-ல அந்த லேனோட வேகம் பாதி. கார்டோட 4 ஜிபி நிரம்பினதும் கேம் நின்னு நின்னு ஓடும்.

ரிச்சித்தெரு_ரசிகர்:
ஜி இல்லாத 5600-க்குள்ள கிராஃபிக்ஸே கிடையாது, அதை வாங்கினா கார்டு வர்ற வரைக்கும் மானிட்டர்ல எதைப் பார்க்கிறது? பேச்சு ஸ்லாட்டைப் பத்தி. ரெண்டே ஸ்லாட்!

வேலூர்_வோல்ட்டேஜ்:
அண்ணே, உங்க லிஸ்ட்ல "500 வாட் எஸ்எம்பிஎஸ், கேபினெட்டோட வரும்"னு இருக்கே, அதை யாரும் பார்க்கலையா? பக்கவாட்டு ஸ்டிக்கர்ல +12வி கட்டத்துக்குக் கீழ இருக்கிற ஆம்பியரைப் படிங்க. 16 ஆம்பியர்னு போட்டிருந்தா 12-ஆல பெருக்கினா 192 வாட், 500 கிடையாது. 6600 கார்டு மட்டும் 132 வாட். 5600ஜி முழு லோடுல 88 வரைக்கும் போகும். ரெண்டையும் கூட்டினா 220. ஸ்டிக்கர்லயே தாண்டிடுச்சு. கார்டுக்குப் போற 8 பின் கேபிளும் இருக்காது, மோலெக்ஸ் கன்வெர்ட்டர் போட்டு கனெக்டரை உருக்குவாங்க. 12வி-ல 36 ஆம்பியர் காட்டுற நல்ல 450 வாட் போதும்.

டூயல்_சேனல்:
பார்த்தீங்களா! போன மாசம் நான் சொன்னதையேதான் இவரும் சொல்றார்.

ரிச்சித்தெரு_ரசிகர்:
எஸ்எம்பிஎஸ் கதை அந்த இழையோட முடிஞ்சுது. இங்க ராமுக்குப் பதில் சொல்லுங்க. பயாஸ்ல வேகாவுக்கு 2 ஜிபி ஒதுக்கினா 8+8-ல மிச்சம் 14. அது பத்தாதப்போ எந்த ஸ்லாட்ல போடுவீங்க?

டூயல்_சேனல்:
உங்க ஒத்த 16-லயும் மிச்சம் 14 தான்! அதே 14, பாதி வேகத்துல. வாங்கப் போறவங்களுக்குச் சொல்றேன்: 8+8 கிட், பயாஸ்ல எக்ஸ்எம்பி, ஸ்டிக்கர்ல இருக்கிற வோல்ட்டேஜ், பெரும்பாலும் 1.35. பில்லுல ரெண்டு ஸ்டிக்கோட சீரியல் நம்பரும் எழுதி வாங்குங்க, அது இல்லாம வாரன்ட்டிக்கு அலைய வேண்டி வரும்.

ரிச்சித்தெரு_ரசிகர்:
சென்னை ரிச்சித்தெருக் கடைகள்ல பில் தர்றதில்லன்னு குத்திக் காட்டுறீங்களா? கேட்டா எந்தக் கடையிலயும் சீரியல் நம்பரோட தருவாங்க. ஆன்லைன்ல பெட்டி பிரிச்ச ஸ்டிக்கை வாங்கிட்டு வந்து இங்க புலம்புறவங்க யாருன்னு எல்லாருக்கும் தெரியும். லிஸ்டை மாத்த மாட்டேன். ஒரு 16, ஒரு காலி ஸ்லாட்.

டூயல்_சேனல்:
தெருவைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசல. ஒரு ஸ்டிக் 25.6. ரெண்டு 51.2. இதுக்குப் பதில் இன்னும் வரல.

கோவை_கீபோர்டு:
எந்த கேம்னு கேட்டேனுங்களே?