புனைபெயரில் பேச தனி அடையாளம் எப்படி உருவாக்குவது?

தக்கலைக்காரி: ஊர்க் குளம் தூர்ந்ததைப் பற்றிப் பெயர் தெரியாமல் பேசணும். வேற பெயரில் கணக்கு திறந்தால் போதுமா அண்ணே?

வேணாட்டான்: போதாது மக்களே. டெலிகிராமில் சேர்ந்ததுமே, உங்க நம்பரை வச்சிருக்கிறவங்களுக்கு அறிவிப்பு போயிரும். சிக்னல் ஆப் எடுங்க. அதில் 2024 முதல், நம்பருக்குப் பதிலா கொடுக்க யூசர்நேம் உண்டு. செட்டிங்ஸில் நம்பரை யாரும் பார்க்காதபடி, அதை வச்சுத் தேட முடியாதபடி மாத்துங்க. பழைய மெயில், பழைய புரொஃபைல் படம் வேண்டாம்.

நெய்தல்: குளத்துப் படத்தில், எடுத்த இடத்தைக் காட்டுற ஜிபிஎஸ் குறிப்பு ஒட்டியிருக்கலாம். அனுப்பும் முன் அழிங்க. பின்னணியில் கடைப் பலகை தெரிஞ்சா அதையும் வெட்டுங்க.

பனங்கருக்கு: பலரும் மாட்டுறது பேச்சில்தான். ‘மரச்சீனி’, ‘சக்கை’ன்னு எழுதினா குமரிக்காரர்னு தெரிஞ்சிரும், மரவள்ளி, பலான்னு எழுதுங்க. அசல் ஆள் பெயரை மட்டும் எடுக்காதீங்க. ஆள்மாறாட்ட மோசடின்னு வந்தா தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் 3 ஆண்டு வரை சிறை.